இரண்டேகால் அடி வாசல்

என் மாமனார் ஜேசுபாதம் ஐந்து வருடமாக, கரையில் இருக்கும் ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த ஐந்து வருடத்தில் ஒருநாளும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

காலைப் பூசை முடிந்த அரைமணி நேரத்தில் மாப்பிள்ளையூரணியில் எங்கள் கம்பி கேட்டுக்கு முன்னால் அவருடைய வண்டி வந்து நிற்கும். ஹாண்டில்பாரின் ஒரு பக்கம் பையில் மீன். மறுபக்கம் ஒரு பச்சை ஃபிளாஸ்க். மீன் எங்களுக்கு. ஃபிளாஸ்க் அவருக்கு. மீனை என் மனைவி விஜிலாவிடம் கொடுத்துவிட்டு, தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டீயை மூடியில் ஊற்றி, கேட்டுக்கு வெளியே நின்றபடியே குடிப்பார். குடித்துக்கொண்டே எல்லோரையும் விசாரிப்பார். நான் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றாலும் என்னை விஜிலா வழியாகத்தான் விசாரிப்பார்.

"ஏளா, அந்தப் பையனுக்குச் சளி கொறஞ்சிட்டா?"

"கொறஞ்சிட்டு மாமா" என்பேன்.

"கொறஞ்சிட்டாம்ப்பா" என்று விஜிலா மொழிபெயர்ப்பாள்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. நான் மாரிச்செல்வம். எங்கள் குடும்பம் ஏரல் பக்கம் நெல்லும் வாழையும் போட்டுவிட்டுத் திருச்செந்தூரில் மொட்டை போடும் குடும்பம். விஜிலாவுடையது கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். மாதாவுக்குத் தேர் இழுப்பவர்கள். நாங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, சார்பதிவாளர் அலுவலகத்தின் மூன்றாவது படியில் நின்று மாமா சொன்னார்: "ஒன் வீட்டு நிலைய மிதிக்க மாட்டேன். ஒன் வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி நனைக்க மாட்டேன். மாதா மேல ஆணை."

மாமா தோணித் தண்டல். அதாவது மரத் தோணிக்குத் தலைவர். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறவர். ஏற்றிய சரக்கை ஏற்றியபடியே இறக்கிக் கொடுப்பது தொழில் ஆகையால் சத்தியத்தையும் அப்படியே வைத்திருந்தார். ஒரு கிலோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மீன் கொடுக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, எனவே கொடுத்தார். மகளைப் பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை; எனவே பார்த்தார். வாசல் நிலையும் தண்ணீரும் மட்டும்தான் சத்தியத்தில் இருந்தன.

"டீயத்தானப்பா குடிக்கச் சொல்லுதேன், தண்ணியவா?" என்று விஜிலா ஒருமுறை வாதாடிப் பார்த்தாள்.

"டீயில வேற என்ன கெடக்கு? மண்ணெண்ணெயா?" என்றார் மாமா.

இப்படியே போயிருக்கும். நானும் பழகிவிட்டேன். ஆனால் போன பிப்ரவரியில் மாமாவின் தோணி இஞ்சின் பழுதாகி, இரண்டு நாள் எங்கே மிதக்கிறது என்றே தெரியாமல் போனது. அந்த இரண்டு நாளும் விஜிலா அழவில்லை. குசினியில் அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நம்ம வீட்டுல ஒரு வாய் நனைக்காமலே போயிட்டாவளே." மூன்றாம் நாள் ஒரு சரக்குக் கப்பல் அவர்களைக் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. அடுத்த ஞாயிறு மாமா வழக்கம்போல வந்தார். மீனும் ஃபிளாஸ்க்கும் வழக்கம்போல வந்தன.

அன்று சாயங்காலம் விஜிலா என் முன்னால் வந்து நின்றாள்.

"இஞ்சின் சரியாயி, செப்டம்பர் பொறந்தா அப்பா மறுபடி கடலுக்குப் போயிருவாவ. அதுக்குள்ள இங்கன ஒரு வாய் குடிக்கணும். நீ வீடு கெட்டுத வேலைதான பாக்க? ஏதாவது கெட்டு."

நான் வீடு கட்டுவதில்லை. எபனேசர் சார் அலுவலகத்தில் வீடுகளை வரைகிறேன். சமீப வருடங்களாக ஜப்பானை வரைகிறேன். இப்போது தூத்துக்குடியில் வீடு கட்டும் எல்லோருக்கும் ஜப்பான் வேண்டியிருக்கிறது. நகர்த்தும் கதவு, தரையோடு ஒட்டிய கட்டில், மூங்கில் நிறத்தில் மரச்சட்டம், ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சுவர். இவையெல்லாம் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப்போனால் கடைசியில் ஒரு சின்னக் குடிசையில் போய் நிற்கும். அங்கே நாலைந்து பேர் முட்டிபோட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். நானூறு ஐநூறு வருடமாக ஜப்பானியர்கள் டீ குடிப்பதற்கென்றே கட்டிய அறை அது. அந்த அறையின் சுவரில் சிறு குழிவு ஒன்று உண்டு. அதில் ஒரு பூவும் ஓர் ஓவியச் சுருளும் இருக்கும். வருகிறவர் முதலில் அதன் முன்னால் அமர்ந்து கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். அதே குழிவை நாங்கள் இங்கே வரவேற்பறைகளில் வைத்துக்கொடுக்கிறோம். வாடிக்கையாளர்கள் அதில் அறுபத்தைந்து அங்குல டிவியைப் பொருத்துகிறார்கள். வருகிறவர் முதலில் அதன் முன்னால் அமர்ந்துதான் பார்க்கிறார் என்பதால் கொள்கையளவில் தவறில்லை. வெள்ளைச் சுவருக்கும் உடனே சம்மதிக்கிறார்கள். புதுவீட்டு விழாவுக்கு வரும் பதினாறு சுவர்க்கடிகாரங்களுக்கு இடம் வேண்டுமே.

ஒன்றை மட்டும் எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. அந்தத் தேநீர் அறையின் வாசல். இரண்டேகால் அடி உயரம், அகலம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்து, தவழ்ந்துதான் உள்ளே போகமுடியும். போர்வீரர்கள் வாளை வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்தார்களாம். எபனேசர் சாரிடம் ஒருமுறை இதைச் சொன்னபோது, "சிமெண்ட் மிச்சம்" என்று பாராட்டினார்.

மடிக்கணினியில் அந்தப் படத்தை விஜிலா நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு நிலை உண்டா?"

"நான் வரஞ்சா இல்ல. தரைக்கு ஒண்ணரை அடி மேல, சுவத்துல ஒரு ஓட்டை. வெளிப்பக்கமா ஒரு பலக ஓடும்."

"அப்ப இத வாசல்னே சொல்ல முடியாதுல்லா?"

நம் ஊரில் நிலை வைப்பது என்பது மரச்சட்டத்தை நிறுத்துவது மட்டும் இல்லை. நாள் பார்த்து, மஞ்சள் பூசி, பூச்சுற்றி, நான்கு பேர் பிடித்து நிறுத்தும்வரை அது வெறும் கட்டுமானம். நிறுத்திய பிறகுதான் வீடு. கடற்கரையில் மஞ்சளுக்குப் பதில் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். மற்றபடி அதே மரியாதைதான். ஆக, நிலை இல்லாத அறை வீடு ஆகாது. வீடு ஆகாத இடத்தில் மாமா கால் வைத்தால் சத்தியத்துக்குச் சேதமில்லை.

"உள்ள வந்துருவாவ, சரி. குடிக்கணுமே" என்றேன்.

"மொதல்ல வரட்டும்" என்றாள்.

ஜூன் மாதம் தொடங்கினோம். வீட்டின் கிழக்குப் பக்கம், பூவரச மரத்தடியில், ஒன்பதுக்கு ஒன்பது. ஜப்பான் கணக்கில் நாலரைப் பாய் அளவு. அவர்கள் வைக்கோல் மெத்தைப் பாய் போடுவார்கள். நான் பத்தமடையிலிருந்து கோரைப்பாய் தைத்து வாங்கினேன். சுவர் மூங்கிலும் மண்ணும். ஜன்னலுக்கு அவர்கள் ஒட்டும் காகிதம் இங்கே கிடைக்காது என்பதால், மக்ரூன் போடும் பேக்கரியில் தட்டில் விரிக்கும் தாளை மொத்தமாக வாங்கி ஒட்டினேன். முதல் நாளே ஒரு காக்கை அதைக் கொத்திப் பார்த்தது. மக்ரூன் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி வரவில்லை.

கேட்டிலிருந்து அறைவரை நடைக்கல் பாதை. நேராகப் போகக்கூடாது, வளைந்து வளைந்து போகவேண்டும். வெளியுலகம் ஒவ்வொரு கல்லாகக் கழன்று விழுவதற்காக அப்படி வைப்பார்களாம். எங்கள் பாதைக்குப் பக்கத்திலேயே கழிவுநீர்த் தொட்டி இருந்ததால் அது தானாகவே வளைந்தது.

இரண்டாவது ஞாயிறு மாமா கேட்டுக்கு வெளியே நின்று அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தார்.

"ஏளா, கல்லுக்கும் கல்லுக்கும் எட்டாத தூரமா கெடக்கு. இதுல யாரு நடப்பா, நாரையா?"

"நீங்களே சொல்லிக் குடுங்கப்பா."

மாமா யோசித்தார். சத்தியத்தை மனதுக்குள் ஒருதடவை புரட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதில் காம்பவுண்டு பற்றி ஒன்றும் இல்லை. கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். ஒவ்வொரு கல்லாக மிதித்துப் பார்த்து, மூன்றை நகர்த்தச் சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கல், இரண்டு கல் என்று அறைப்பக்கமாக நகர்ந்தார். ஆகஸ்டில் மாதா திருவிழா முடிந்த வாரம், ஒன்பதாவது கல்லில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பதினோராவது கல்லுக்கு அடுத்தது அந்த ஓட்டை.

"அந்தப் பையன் எதுக்கு இவ்வளவு சின்னதா வச்சிருக்கான்?" என்று விஜிலாவிடம் கேட்டார்.

"உள்ள போறவங்க குனியணும்னுதான் மாமா" என்றேன்.

விஜிலா என்னை முறைத்தாள். ஆனால் சொல்லிவிட்டேன். மாமா ஃபிளாஸ்க்கை மூடினார். ஆறடி ஒரு அங்குலம் அவர். பூசையில் நற்கருணை வாங்கும்போதுகூடக் குருவானவர்தான் கையைக் கொஞ்சம் உயர்த்தவேண்டும்.

செப்டம்பருக்கு முந்தைய ஞாயிறு. அதுதான் கடைசி வாய்ப்பு. சனிக்கிழமை நாங்கள் இருவரும் டவுனுக்குப் போய் கெண்டி, கிண்ணம், கரி எல்லாம் வாங்கிவிட்டு வந்தோம். அறையில் பலகை ஓடும் வேலை மட்டும்தான் பாக்கி. அதை முடித்துக்கொடுக்கச் சொல்லித் தச்சர் நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தோம்.

திரும்பி வந்தபோது அண்ணாச்சி கைகட்டி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அந்த ஓட்டையில் ஒரு நிலை இருந்தது.

அழகான நிலை. பூவரசங்கட்டையில் இழைத்து, இரண்டேகால் அடிக்கு அளவெடுத்தது. நான்கு மூலைக்கும் மஞ்சள். பக்கச் சட்டங்களில் சந்தனமும் குங்குமமும். விஜிலாவை நினைத்து, மேல்சட்டத்தின் நடுவில் சின்னதாக ஒரு சிலுவையும் செதுக்கியிருந்தார். ஒரு முழம் மல்லிகை தொங்கியது. சுற்றிலும் சுண்ணாம்புக் கலவை போட்டுப் பூசி, அது பாதி காய்ந்தும் விட்டது.

"என்ன அண்ணாச்சி இது?" என்றேன்.

"நெல இல்லாம ஒரு வாசலா தம்பி? நாய் பூருத ஓட்ட மாதிரில்லா இருந்துச்சு. மனசு கேக்கல. நல்ல நேரத்துல வச்சிட்டேன், நாலரை டு ஆறு. துட்டு ஒண்ணும் வேண்டாம், என் செலவு."

நாற்பது வருடமாக நிலை வைக்கிற மனிதர். அவரிடம் போய், நிலை இல்லாமல் இருப்பதற்காகவே மூன்று மாதம் கட்டினோம் என்று எந்த வாயால் சொல்வது? விஜிலா அந்தச் சிலுவையைத் தொட்டுப் பார்த்தாள். "ரொம்ப நல்லாருக்கு அண்ணாச்சி" என்றாள். அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு பதினோராவது கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"பேத்துருவமா?" என்றேன்.

"வச்ச நிலையப் பேக்குறதா? வெளங்குமா?" என்றாள். மாதா பக்கமும் முருகன் பக்கமும் இந்த விஷயத்தில் ஒரே கருத்துதான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாமா வந்தார். மீன் பையை விஜிலா வாங்கிக்கொண்டாள். அவர் கல் கல்லாக நடந்து பதினோராவது கல்லுக்கு வந்து நின்றார். நிலையைப் பார்த்தார். மஞ்சளைப் பார்த்தார். சிலுவையைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"இது நிலையால்லா இருக்கு?"

விஜிலா பொய் சொல்லியிருக்கலாம். அலங்காரச் சட்டம் என்று நானே சொல்ல வாயெடுத்தேன். எங்கள் அலுவலகத்தில் நிறையப் பொருளுக்கு அந்தப் பெயர்தான்.

"நிலைதாம்ப்பா" என்றாள். "வேண்டாம்னுதான் இருந்தோம். நீங்க வரணும்னுதான் இந்த ரூமே கெட்டுனது. ஆசாரி தெரியாம வச்சிட்டாவ. உள்ள டீ போட எல்லாம் வச்சிருக்கேன். நீங்க வராண்டாம், சரி. இந்தக் கல்லுலயே நின்னுக்கிடுங்க. நான் உள்ள உக்காந்து பேசுதேன்."

அவள் குரலில் அழுகை இல்லை. அது இருந்திருந்தால் நான் கொஞ்சம் தைரியமாக இருந்திருப்பேன்.

மாமா கையை விரித்து அந்த வாசலைச் சாண் போட்டார். குறுக்கே ஒன்று, இரண்டு, கொஞ்சம். மேலே ஒன்று, இரண்டு, மூன்று.

"ஏளா, இது தோணிப் பொந்துல்லா?"

"என்னதுப்பா?"

"சரக்கு அறைக்கு எறங்குத பொந்து. இதே அளவு. இதே அளவுல்லா வச்சிருக்கான்!"

ஜப்பானில் ஒரு பழைய தேநீர் ஆசான், ஆற்றுப் படகுக்காரர்கள் தங்கள் படகின் சின்ன வாசலில் நுழைவதைப் பார்த்துத்தான் இந்த வாசலை அமைத்தார் என்று ஒரு கதை உண்டு. எங்கோ அடிக்குறிப்பில் படித்திருந்தேன். சும்மா அடித்துவிடுகிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன்.

மாமா செருப்பைக் கழற்றினார். செல்போனை அணைத்து வெளித்தட்டில் வைத்தார். கை காலியாக இல்லாமல் உள்ளே போகமுடியாது என்பதால் ஃபிளாஸ்க்கையும் அதன் பக்கத்தில் வைத்தார். வாளை வைத்தவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

"நிலைய மிதிக்க மாட்டேன்னுதான சொன்னேன்?" என்று விஜிலாவிடம் கேட்டார்.

"ஆமாப்பா."

வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. அண்ணாச்சி வைத்த மேல்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், ஆறடி ஒரு அங்குலம், இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி, கீழ்ச்சட்டத்தில் வேட்டி நுனிகூடப் படாமல், கால் முன்னால், தலை பின்னால் என்று விலாங்கு மாதிரி உள்ளே வழுக்கிப் போய்விட்டார். மல்லிகை மட்டும் கொஞ்சம் ஆடியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மிதிக்கலல்லா?"

"மிதிக்கலப்பா!" என்று விஜிலா கத்தினாள்.

குனியவும் இல்லை என்பதை நான் கவனித்தேன். சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் ஜப்பானியர்கள் போலத் தவழ்ந்து உள்ளே போனோம். நான் தலையை இடித்துக்கொண்டேன். விஜிலா பலகையை இழுத்து மூடினாள்.

மூடியதும் ஊர் இல்லாமல் போனது. பைபாஸில் உப்பு லாரிகள் போகும் சத்தம் மட்டும் எங்கோ அலை அடிப்பது போல வந்து வந்து அடங்கியது. பேக்கரித் தாள் வழியாக வந்த வெளிச்சத்துக்குத் திசை இல்லை. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு விடிவது அப்படித்தான் தெரியும் போல. கோரைப்பாய் வாசம். கரியடுப்பில் கெண்டி மெல்ல முனக ஆரம்பித்தது. மாமா சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டிருந்தார். அவர் முட்டிக்கும் என் முட்டிக்கும் ஒரு சாண். ஐந்து வருடத்தில் நாங்கள் இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. பார்க்காமல் இருக்கவேண்டுமென்றால் மேலே கூரையைத்தான் பார்க்கவேண்டும். மூவரும் கூரையைப் பார்த்தோம்.

அப்போதுதான் அது நடந்தது. என் வரைபடத்தில் அது கிடையாது. வெளியே கை கழுவ வைத்திருந்த கல்தொட்டியில் வெயில் ஏறி, தரையோரம் விட்டிருந்த சின்னச் சந்து வழியாகத் தண்ணீரின் வெளிச்சம் உள்ளே வந்து மூங்கில் கூரையில் விழுந்தது. காற்று தொட்டியைத் தொட்டபோதெல்லாம் வெளிச்சம் கூரை முழுக்கச் சுருங்கி விரிந்தது. கொஞ்ச நேரத்தில் கூரை நின்றுவிட்டது, நாங்கள்தான் அசைந்தோம். நாலரைப் பாயும் கெண்டியும் நாங்கள் மூன்று பேருமாக, பூவரச மரத்தடியிலிருந்து அவிழ்ந்து, உப்பளங்களைத் தாண்டி, யாரும் துடுப்பு போடாமல் எங்கோ போய்க்கொண்டிருந்தோம். எனக்குப் பயமாக இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது.

விஜிலா கிண்ணத்தில் பச்சைத் தேயிலைத் தூளைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, சின்ன மூங்கில் கடைகோலால் நுரை வர அடித்தாள். கிண்ணத்தை அப்பாவின் முட்டிக்கு முன்னால் வைத்தாள். குடியுங்கள் என்று சொல்லவில்லை. மாமாவும் அதைப் பார்க்கவில்லை.

"இப்படித்தான் ஆடிட்டே கெடந்துச்சு" என்றார் கூரையிடம்.

"எப்பப்பா?"

"இஞ்சின் நின்னுச்சில்லா, அப்ப. பின்னறையில மல்லாக்கப் படுத்துக் கெடந்தேன். காத்து இல்ல. செய்யதுக்கு ஒரு வேல இல்ல. மேல இதே வெளிச்சம். இதையே பாத்துட்டுக் கெடந்தேன்."

"பயந்துட்டீயளா?"

"மொத நாளு இல்ல. ரெண்டாம் நாளு குடிதண்ணி முடிஞ்சிட்டு." கெண்டி முனகியது. "ஆறு பேரு, ஒரு கேனு. மூடில ஊத்தி ஊத்தி எல்லாத்துக்கும் குடுத்தேன். எனக்கு வாரப்ப கேனு தீந்துட்டு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

"சொல்லி?" என்றார். வெளிச்சம் அவர் முகத்தில் ஏறி இறங்கியது. "நாக்கு ஒட்டிக்கிட்டு. கண்ண மூடுனா ஒண்ணுதான் தெரியும். நான் ஒவ்வொரு வாரமும் வாரப்ப, நீ ஒரு செம்பக் கொண்டாந்து கேட்டுத் தூண் மேல வைப்ப பாத்தியா, ஒண்ணும் பேசாம. நான் போனப்பொறவு எடுத்துட்டுப் போவ. அந்தச் செம்பு. வெளியெல்லாம் வேர்த்திருக்கும். அதுல ஒரு சொட்டு எறங்கி வரும், பாத்துட்டே இருப்பேன்…"

சொல்லிக்கொண்டே அவர் கை முன்னால் போனது. கண் இன்னும் கூரையில்தான். தாகமெடுத்தவன் இருட்டில் தண்ணீரை எடுப்பது போல, தடவாமல், தேடாமல், கிண்ணத்தை எடுத்து உதட்டுக்குக் கொண்டுபோனார். குடித்தார். நிறுத்தாமல், குரல்வளை ஏறி இறங்க, முழுக்கக் குடித்தார்.

விஜிலா கடைகோலைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

மாமா கிண்ணத்தைக் கீழே வைத்தார். வைத்த பிறகுதான் அதைப் பார்த்தார். காலியாக இருந்தது. அடியில் கொஞ்சம் பச்சை நுரை. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லாரி ஒன்று வந்து போனது. இன்னொன்றும் வந்து போனது.

"விஜிலா."

"என்னப்பா."

"இதுல சீனி இல்லயே."

"ஜப்பான்ல போட மாட்டாவளாம்ப்பா."

"பாவம்" என்றார். மறுபடி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். "முருங்கக்கீரையக் கழுவி ஊத்துன தண்ணி மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு பெரிய கட்டடம்?" கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினார். "போ. குசினில போயி நல்ல டீ ஒண்ணு போட்டு எடுத்துட்டு வா. சீனி கூட."

விஜிலா அந்தக் கிண்ணத்தையே பிடித்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது கேட்கவேண்டும் என்பதால் நான் கேட்டேன். "மாதாட்ட… என்ன மாமா சொல்லுவீய?"

"அத நான் பேசிக்கிடுதேன்" என்றார், நேரே என்னைப் பார்த்து. "அவளும் பிள்ளை வச்சிருக்கவதான்."

விஜிலா பலகையைத் தள்ளிவிட்டு வேகமாகத் தவழ்ந்து வெளியே போனாள். போகிற வேகத்தில் அண்ணாச்சியின் நிலையில் நெற்றியை நன்றாக இடித்துக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிப்ரவரியிலிருந்து இருந்த அழுகை. இடித்ததற்கு அவ்வளவு அழவேண்டியதில்லை. மாமாவும் நானும் அது இடித்ததற்குத்தான் என்று வைத்துக்கொண்டோம்.

"பாத்துப் போ ளா!" என்று மாமா உள்ளேயிருந்து கத்தினார். எழுந்து பார்க்க முயன்றார். முடியவில்லை. திரும்பவும் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, கையக் குடு. காலு மரத்துப்போச்சு."

நான் கையைக் கொடுத்தேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் எழவில்லை.

"கொஞ்ச நேரம் ஆவும்" என்றார். "இந்த மரப்பு சட்டுனு போவாது."

"இருங்க மாமா. மெதுவாப் போவட்டும்."

டீ வந்தது. சீனி கூடவே இருந்தது, அதையும் குடித்தார். பதினொரு மணிக்கு, வந்த மீன் என்ன மீன் என்று விஜிலா பையைத் திறந்து கேட்டாள். ஊளி என்றார். குழம்பு வைத்தால் நல்லது, தேங்காய் கொஞ்சமாகப் போதும் என்றும் சொன்னார். ஒரு மணிக்கு அந்த இரண்டேகால் அடி வாசல் வழியாகச் சோறு வந்தது, குழம்பு வந்தது, பொரித்த துண்டு வந்தது, ஒரு செம்பு தண்ணீரும் வந்தது. தண்ணீரை யாரும் சொல்லாமலே எடுத்துக் குடித்தார். சாப்பிட்டுவிட்டுக் கோரைப்பாயில் மல்லாந்து, கூரை வெளிச்சத்தைப் பார்த்தபடி, எந்தத் தெருவில் யார் வீடு என்று சொல்வதுபோல எனக்குக் கடல் ஆழங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் தூங்கிவிட்டார்.

மாமாவின் கால் சாயங்காலம் நாலு மணிவரை மரத்துப்போயே கிடந்தது. நடுவில் இரண்டு தடவை எழுந்து, கை கழுவ வெளியே போய்விட்டு வந்தார். அப்போதும் மரத்துப்போய்த்தான் இருந்தது.